புட்டிகளைத் திரும்ப வாங்கினோம்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது. அந்தப் பகுதியில் ஒரு பள்ளிக்கூட முகாமில் நான் தன்னார்வலராக இருந்தேன். நிவாரண லாரியில் வந்த பால்பவுடர் டின்களையும் புட்டிகளையும் கைக்குழந்தை வைத்திருந்த எல்லோருக்கும் நானே கொடுத்தேன். தவறு அங்கேதான் தொடங்கியது. மின்சாரம் இல்லை, தண்ணீர் கலங்கல். புட்டியையும் ரப்பர் காம்பையும் கொதிக்க வைக்க அடுப்புக்கு எங்கே போவது? மூன்றாம் நாள் இரண்டு குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு.

கிராம சுகாதாரச் செவிலியர் சொன்ன பிறகுதான் விழித்துக்கொண்டேன். இரு குழந்தைகளையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவிட்டு, புட்டிகளைத் திரும்ப வாங்கினோம். வகுப்பறை மூலையில் சேலைகளைக் கட்டித் தாய்மார்களுக்கு மறைப்பு செய்தோம்.

"பால் வற்றிவிட்டது தம்பி" என்று ஓர் அக்கா அழுதார். அதிர்ச்சியில் பால் இறங்கத் தாமதமாகலாம், குழந்தை சப்பச் சப்ப ஊறும் என்று செவிலியர் அவர் அருகிலேயே அமர்ந்து தைரியம் சொன்னார். அவருக்கு முதல் பந்தியிலேயே சாப்பாடு போட்டோம். இரண்டு நாளில் குழந்தை வயிறு நிறைந்து தூங்கியது.

இன்னொரு குழந்தையின் தாய் மருத்துவமனையில் இருந்தார். அதற்கு மட்டும் பவுடர் பால். கொதித்த நீர் 70 டிகிரிக்குக் கீழே இறங்குமுன் கலக்க வேண்டும். பவுடரிலேயே கிருமி இருக்கக்கூடும், அந்தச் சூடுதான் அதைக் கொல்லும் என்பதை அன்றுவரை நான் அறியேன். ஆறவைத்து, பாட்டியின் மடியில் தலையை உயர்த்திப் பிடித்து, பாலாடையால், அதாவது மூக்கு வைத்த சிறு கிண்ணத்தால், புகட்டினோம். பாலாடையைத் தேய்த்துக் கழுவிக் கொதிக்க வைப்பது எளிது. மீந்த பாலை உடனே கொட்டினோம்.

மிச்ச டின்களை அலமாரியில் பூட்டி, சாவியைச் செவிலியரிடம் கொடுத்துவிட்டேன்.