ஃபிராக் வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: கொத்தவரைப் பசை சொல்லும் கதை

புவனகிரி என்றால் நமக்கு வெள்ளாற்றங்கரை ஊர். எண்ணெய்க்காரர்களுக்கோ காவிரிப் படுகையின் ஆழத்தில் கிடக்கும் ஒரு மணற்பாறை அடுக்கின் பெயரும் அதுதான். 2020-இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தில் மேல்புவனகிரி ஒன்றியமும் அடக்கம். அங்கே புதிதாக எண்ணெய் தேட முடியாது. அதனால் எண்ணெய்க் கிணற்றில் செய்யும் ஃபிராக் வேலை பற்றிய இதை குஜராத், ராஜஸ்தான் பக்கம் வேலைக்குப் போகும் கடலூர்ப் பிள்ளைகளுக்காக எழுதுகிறேன்.

அழுத்தத்தோடு திரவத்தை இறக்கிப் பாறையை விரிசல் விட வைத்து, அது மூடிக்கொள்ளாமல் மணலை முட்டுக் கொடுப்பதுதான் ஃபிராக். பாறை கெட்டியாக இருந்தால் "இன்னும் பெரிதாக அடி" என்பார்கள். பாறை வழியாக எண்ணெய் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைச் சொல்லும் ஊடுருவுதிறன் 0.1 மில்லிடார்சிக்குக் (அதன் அலகு) கீழே போனால் நீளமான விரிசல் வேண்டும், சரி. ஆனால் கூடுதலாக அடிப்பதெல்லாம் நீளமாகவே போகாது. மேலும் கீழும் தடுக்கும் பாறை இல்லையென்றால் விரிசல் உயரமாக வளர்ந்து தண்ணீர் அடுக்கைத் தொட்டுவிடும். மணல் இல்லாமல் கொஞ்சம் திரவம் மட்டும் செலுத்தி, பம்பை நிறுத்தி, அழுத்தம் இறங்குவதைப் பார்க்கும் மினிஃபிராக்கை அரைநாள் மிச்சமாகிறது என்று விட்டுவிடாதீர்கள். விரிசல் எந்த அழுத்தத்தில் மூடுகிறது, திரவம் எவ்வளவு கசிகிறது என்பதை அதுதான் காட்டும். சாதா மணல் போதுமா, கெட்டியான செராமிக் மணிகள் வேண்டுமா என்பதும் அதில் தெரியும். விரிசல் மூடும் அழுத்தம் 6,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) தாண்டினால் சாதா மணல் நொறுங்கி, அந்தத் தூளே வழியை அடைக்கும்.

இனி ஜெல், அதாவது மணலைச் சுமந்து போகும் கெட்டியான திரவம். சாம்பாரில் போடும் கொத்தவரங்காயின் விதையிலிருந்து வருவதுதான் குவார் பசை; உலகத் தேவையில் பெரும்பங்கு ராஜஸ்தானில் விளைகிறது. அதைத் தண்ணீரில் கரைத்து, பசையை இறுக்கிக் கெட்டியாக்கும் போரேட் உப்பைச் சேர்த்து டம்ளரைச் சாய்த்தால், நாக்கு மாதிரி வெளியே தொங்கும். நிமிர்த்தினால் உள்ளே போய்விடும். பார்க்க அழகுதான். அந்த அழகில் ஒருமுறை நான் மயங்கினேன். கேன் தண்ணீரில் சோதித்துவிட்டு, வேலையன்று வந்த டேங்கர் தண்ணீரை அப்படியே ஏற்றிவிட்டோம். அதில் பைகார்பனேட் அதிகம். போரேட் வேலை செய்யத் தேவையான அளவுக்கு பிஎச் (காரத்தன்மை) ஏறவில்லை, ஜெல் கெட்டிப்படவில்லை. மணல் படிந்து அழுத்தம் எகிற, பாதியில் நிறுத்தினோம். குழாயில் நின்ற மணலை எடுக்கவே நாட்கள் போயின.

எந்தத் தண்ணீர் கிணற்றில் இறங்குமோ அதிலேயே சோதியுங்கள். ஜெல்லை உடைக்கும் பிரேக்கரைப் பாறையின் வெப்பத்தில் வைத்துப் பாருங்கள். உடையாத ஜெல் விரிசலுக்குள்ளேயே பசையாக உட்கார்ந்துகொள்ளும். பாறையில் அழுத்தம் குறைவாக இருந்தால் அதைத் தள்ளி வெளியேற்றத் தெம்பு இருக்காது. அப்புறம், இந்த மாதிரிக் கெட்டி மணற்பாறையில் களிமண் அதிகம் இருக்கலாம். வெறும் நன்னீர் பட்டால் அது ஊதிப் பெருகும்; அதனால் தண்ணீரில் பொட்டாசியம் குளோரைடு சேருங்கள்.

கடைசியில் அவசரம். புது போர்வெல்லை எடுத்த எடுப்பில் முழு வேகத்தில் ஓட்டினால் மணல் வரும் என்பது நம்மூரில் தெரியாதவர் இல்லை. இங்கேயும் அதே கதைதான். கிணற்று வாயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சோக் வால்வைச் சின்னதாகத் திறந்து, வெளியே வரும் திரவத்தில் மாதிரி எடுத்து, கையுறையோடு விரலில் தேய்த்துப் பாருங்கள். வழவழ என்றால் ஜெல் இன்னும் உடையவில்லை. நறநற என்றால் மணல் வருகிறது, சோக்கைக் குறையுங்கள்.