பஸ்ஸை வாங்கினால் பெர்மிட்டும் வந்துவிடுமா? பெயர் மாற்றும் முறை

ரூட் பஸ்ஸை விலை பேசும்போது பெர்மிட்டும் வண்டியோடு வந்துவிடும் என்று நம்பிப் பலர் முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். அப்படி வராது. பஸ் ஒருவருடைய சொத்து. பெர்மிட், இன்னார் இந்த வழித்தடத்தில் ஓட்டலாம் என்று அரசு கொடுத்த அனுமதி. அதை வழங்கிய போக்குவரத்து ஆணையம் சம்மதிக்காமல் இன்னொருவருக்கு மாற்ற முடியாது என்கிறது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 82-வது பிரிவு. முத்திரைத்தாளில் நீங்கள் இருவரும் எழுதிக்கொள்வது அந்தச் சம்மதம் ஆகாது.

சரி, தமிழ்நாட்டில் முதன்முறையாக ஒரு ரூட் பஸ் வாங்குபவர் என்ன செய்ய வேண்டும்?

படி 1: அசல் பெர்மிட்டை வாங்கிப் படியுங்கள். யார் பெயரில் இருக்கிறது, எந்த வண்டி எண், எங்கிருந்து எங்கே, எந்தத் தேதி வரை என்று பாருங்கள். கூடவே டைமிங் தாளையும் கேளுங்கள். காலை எத்தனை மணி நடை என்பதில்தான் வசூலே இருக்கிறது. வரி பாக்கி, எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), ஃபைனான்ஸ் கடன் மூன்றையும் அன்றே விசாரித்துவிடுங்கள்.

படி 2: பெர்மிட்டைப் பெயர் மாற்றக் கேட்டு, விற்பவரும் வாங்குபவரும் சேர்ந்து கையெழுத்திட்டு ஆணையத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். ஏன் மாற்றுகிறீர்கள், பெர்மிட்டுக்காகப் பணம் கைமாறுகிறதா என்றுகூட ஆணையம் கேட்கலாம். உள்ளதைச் சொல்லுங்கள். பொதுமக்களுக்கான சேவை, ஏலப் பொருளாகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கேள்வி. எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

படி 3: ஆர்.சி. (வண்டியின் பதிவுச் சான்று) மாற்றம் தனி வேலை. படிவம் 29, 30 கொடுத்து அதை முடியுங்கள். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள்.

படி 4: பெர்மிட் மாற்ற உத்தரவு வரும்வரை உங்கள் கணக்கில் வண்டியை ஓட்டாதீர்கள். செல்லும் பெர்மிட் இல்லாமல் ஓட்டினால் 10,000 ரூபாய் அபராதம், சிறைகூட உண்டு. அதைவிடப் பெரிய அடி விபத்தில் விழும். பெர்மிட் இல்லாத லாரி ஒன்றின் வழக்கில், இன்சூரன்ஸ் நிறுவனம் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இனி, பெர்மிட்காரர் இறந்துபோனால்? இதைத்தான் ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். எங்கள் தெருவில் ஒரு அக்கா, கணவர் போனபின் பெர்மிட்டைப் பீரோவில் துணிக்கு அடியில் மஞ்சள் பையோடு வைத்திருந்தார். வண்டி வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தது. நான்காவது மாதம்தான் ஒருவர் கேட்டார், “பேர் மாத்திட்டீங்களாம்மா?”

சட்டம் கருணையோடுதான் எழுதப்பட்டிருக்கிறது. வண்டி யார் கைக்கு வருகிறதோ அவர் 3 மாதம் அதே பெர்மிட்டில் ஓட்டலாம். ஆனால் இறந்த 30 நாளுக்குள், இன்னார் இறந்துவிட்டார், நான் ஓட்டப்போகிறேன் என்று ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பெயர் மாற்ற விண்ணப்பத்தை 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் ஆகியவற்றைத் தயார் செய்யுங்கள். வாரிசுச் சான்றிதழ் கைக்கு வர நாளாகும் என்பதால் காரியம் முடிந்த வாரமே அதற்கு எழுதிப்போடுங்கள்.

காலம் கடந்துவிட்டாலும் கதவு மூடிவிடுவதில்லை. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் விண்ணப்பத்தை ஏற்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. அந்த அக்காவும் காரணத்தை எழுதி, மருத்துவமனைச் சீட்டுகளை இணைத்துக் கொடுத்தார். மாற்றிக் கொடுத்தார்கள்.

அப்புறம் ஒன்று: பெயர் மாறினாலும் பழைய காலாவதி தேதிதான். அது முடிய 15 நாளுக்கு முன்பே புதுப்பிக்க விண்ணப்பித்துவிடுங்கள்.