ஃபிட்னஸ் பேண்டா, ஸ்மார்ட்வாட்சா: புதிதாக வாங்குபவர்கள் சறுக்கும் இடங்கள்

சென்னையில் எங்கள் ஓட்டக் குழுவுக்கு ஜூலை மாதம் பிறந்தால் புது முகங்கள் வர ஆரம்பிக்கும். ஜனவரி மாரத்தானைக் குறி வைத்து வருகிறவர்கள். முதல் வாரம் ஷூ பற்றிக் கேட்பார்கள். அடுத்த வாரம் மணிக்கட்டில் ஃபிட்னஸ் பேண்டோ ஸ்மார்ட்வாட்சோ ஏதோ ஒன்று முளைத்திருக்கும். விலை கேட்டால் ஒருவர் 1,500 என்பார், இன்னொருவர் 40,000 என்பார். இரண்டு பேருமே தங்களுக்குத் தேவையில்லாததைத்தான் வாங்கியிருப்பார்கள். சிரிக்க எனக்கு உரிமையில்லை. அதே ரகப் பொருள்கள் என் மேஜை இழுப்பறையிலும் கிடக்கின்றன.

ஸ்கிரீன் கார்டு ஒட்டுங்கள், தள்ளுபடி நாளில் வாங்குங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

திரை பெரிதாக இருந்தால் ஸ்மார்ட்வாட்ச் என்று நினைப்பது

2014இல் ஷாவ்மி வெளியிட்ட முதல் மி பேண்டில் திரையே கிடையாது. மூன்று சின்ன விளக்குப் புள்ளிகள், அவ்வளவுதான். அடுத்த வருடம் அது இந்தியாவுக்கு 999 ரூபாய்க்கு வந்தது. அதே 2015இல்தான் ஆப்பிள் வாட்சும் வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எது என்ன என்று குழந்தைகூடச் சொல்லிவிடும்.

இன்றைக்கு அப்படியில்லை. பேண்டுகளுக்குப் பளிச்சென்று அமோலெட் திரை வந்துவிட்டது. 2,000 ரூபாய் ‘ப்ளூடூத் காலிங்’ வாட்ச் தூரத்திலிருந்து பார்த்தால் ஆப்பிள் வாட்ச் போலவே இருக்கிறது. உள்ளே இருப்பது வேறு. அந்த 2,000 ரூபாய்ப் பொருளில் பெரும்பாலும் தனியாக ஓர் ஆப் போட முடியாது. கால் வந்தால் பேசுவது உங்கள் போன். கையில் இருப்பது அதற்கு ஒரு மைக்கும் ஸ்பீக்கரும் மட்டுமே. சதுரமாக, பெரிதாகச் செய்த பேண்ட் என்று அதைச் சொன்னால் தப்பில்லை. நல்ல பேண்டில் இருக்கும் சென்சார் தரம் அதில் இல்லாமலும் போகலாம்.

உண்மையான ஸ்மார்ட்வாட்ச் என்றால் ஆப்பிளின் வாட்ச் ஓஎஸ், கூகுளின் வேர் ஓஎஸ் மாதிரி சொந்தமாக ஓர் இயங்குதளம் இருக்கும், ஆப்கள் இருக்கும், பெரும்பாலும் ஜிபிஎஸ்ஸும் உள்ளேயே இருக்கும். அதற்கான விலையை பேட்டரியில் கொடுக்கிறோம். ஆப்பிள் தன் வழக்கமான வாட்சுக்குப் பல வருடங்களாகச் சொல்லி வந்தது 18 மணி நேரம். பேண்டுகள் சாதாரணமாக ஒரு வாரம், இரண்டு வாரம் தாங்கும். கார்மின், கோரோஸ் போன்ற விளையாட்டு வாட்சுகள் மூன்றாவது சாதி: ஆப் குறைவு, பேட்டரி நிறைய, ஜிபிஎஸ் உண்டு.

கடையில் நிற்கும்போது திரையை விட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள். போன் வீட்டில் இருக்கும்போது இது என்னென்ன செய்யும்?

பெட்டியில் ‘ஜிபிஎஸ்’ என்று அச்சிட்டிருந்தால் போதும் என்று நம்புவது

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். இந்தப் பட்டியலில் அதிகப் பணமும் அதிக உழைப்பும் வீணாவது இங்கேதான்.

குழுவில் ஒரு தம்பி. நல்ல ஒழுக்கமான பையன், காலை ஐந்து மணிக்கு முன்னால் வந்து நிற்பான். கையில் புது பேண்ட். போனை ஸ்கூட்டர் டிக்கியில் பூட்டிவிட்டு ஓடுவான். “அண்ணா, இன்னைக்கு 18 கிலோமீட்டர்!” என்று காட்டுவான். வேகமும் நன்றாகத்தான் இருந்தது. கூட ஓடுகிறவர்கள் மட்டும், ‘நமக்கு 15கூட வரலையே’ என்று முணுமுணுத்தார்கள். அவன் நம்பவில்லை. கையில் எண் இருக்கிறதே!

அரை மாரத்தான் அன்று சாலையோரப் பலகை 15 காட்டிய இடத்தில் அவனுக்குத் தொடை பிடித்துக்கொண்டது. மீதியை நடந்தே முடித்தான். அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அவன் 10 கி.மீ. என்று நினைத்ததெல்லாம் 8 கி.மீ. அந்தப் பெருமைக்குரிய 18 உண்மையில் 14 சொச்சம். அதாவது, பயிற்சியில் ஒரு தடவைகூட அவன் 15ஐத் தாண்டவில்லை.

என்ன நடந்தது என்றால், பேண்டில் ஜிபிஎஸ் சிப்பே இல்லை. பெட்டியில் பெரிய எழுத்தில் ஜிபிஎஸ். கீழே பொடி எழுத்தில் ‘கனெக்டெட்’. போனில் இருக்கும் ஜிபிஎஸ்ஸை இந்தப் பேண்ட் கடன் வாங்கிக்கொள்ளும் என்பதுதான் அதற்கு அர்த்தம். போன் டிக்கியில் இருந்தால் கடன் கொடுக்க ஆளில்லை. அப்போது பேண்ட் சும்மா இருக்காது, ‘தெரியவில்லை’ என்றும் சொல்லாது. கையசைவை வைத்து ஸ்டெப்ஸை எண்ணும். ஆப்பில் நீங்கள் கொடுத்த உயரத்தை வைத்து ஒரு எட்டு (காலடி) இவ்வளவு நீளம் இருக்கும் என்று ஊகிக்கும். இரண்டையும் பெருக்கி, தசமப் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கத்தோடு தூரம் என்று காட்டும். மெதுவாக, குட்டி எட்டு வைத்து ஓடுகிற ஆரம்பக்காரர்களுக்கு அந்த ஊகம் பெரும்பாலும் கூடுதலாகத்தான் வரும்.

தூரம் தப்பானால் வேகமும் தப்பு. கிலோமீட்டருக்கு 8 நிமிடம் எடுப்பவர் 8 கி.மீ. ஓட 64 நிமிடம் ஆகும். பேண்ட் அதை 10 கி.மீ. என்று எழுதிக்கொண்டால், வேகம் 6 நிமிடம் 24 நொடி. இரண்டுக்கும் நடுவே பல மாதப் பயிற்சி இருக்கிறது. இந்த எண்ணை நம்பி ஒருவர் போட்டித் திட்டம் போட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

சிலர் சொல்வார்கள், ‘நான் போனோடுதான் ஓடுகிறேன், அதனால் கவலையில்லை’ என்று. சரி, அது ஒரு வழிதான். ஆனால் ஆண்ட்ராய்டு போன்களில் பேட்டரி சேவர் என்று ஒன்று இருக்கிறது. ஓட ஆரம்பித்துச் சற்று நேரத்தில் பின்னணியில் இருக்கும் ஆப்பை அது நிறுத்திவிடும். வரைபடத்தில் நீங்கள் கட்டடங்களுக்கு நடுவே நேர்கோட்டில் பாய்ந்திருப்பீர்கள். அந்த ஆப்புக்கு லொகேஷன் அனுமதியை ‘எப்போதும்’ என்று வைத்து, பேட்டரி கட்டுப்பாட்டிலிருந்தும் விலக்கி வையுங்கள்.

விற்பவர்களின் வார்த்தை விளையாட்டு தனிக் கதை. ‘அசிஸ்டெட் ஜிபிஎஸ்’ என்பது நியாயமாகப் பார்த்தால் உள்ளே சிப் இருக்கும் கருவி செயற்கைக்கோள்களைச் சீக்கிரம் பிடிக்க உதவும் ஏற்பாடு. மலிவு வாட்சுகளில் அதே வார்த்தையைப் போன் ஜிபிஎஸ்ஸுக்குப் போட்டு விற்கிறார்கள். ‘பில்ட்-இன் ஜிபிஎஸ்’ என்ற சொல்லைத் தேடுங்கள். அதையும் நம்பாமல், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் நீங்களே சோதித்துப் பாருங்கள். போனில் ப்ளூடூத்தை அணைத்துவிட்டு வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ஏதாவது ஒரு தடகள மைதானத்துக்குப் போய் உள்வரிசை லேனில் ஐந்து சுற்று நடங்கள். ஒரு சுற்று 400 மீட்டர், மொத்தம் 2 கி.மீ. திரும்பி வந்து ஆப்பைத் திறந்தால் வரைபடத்தில் முட்டை வடிவத்தில் கோடு தெரிய வேண்டும். கொஞ்சம் நெளிந்திருந்தால் பரவாயில்லை. கோடே இல்லாமல் தூரம் மட்டும் இருந்தால், உள்ளே சிப் இல்லை. பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்புங்கள்.

சிப் இருக்கும் வாட்சிலும் ஒரு சின்ன விஷயம் உண்டு. செயற்கைக்கோள்கள் எங்கே இருக்கும் என்ற தகவலை அது போன் ஆப் வழியாக அவ்வப்போது இறக்கிக்கொள்கிறது. பல நாள் சிங்க் செய்யாமல் விட்டால், சிக்னல் பிடிக்கவே சில நிமிடம் ஆகலாம். கிளம்பும் முன் ஒரு தடவை ஆப்பைத் திறந்துவிட்டுப் போங்கள். சிக்னல் வந்த பிறகு ஸ்டார்ட் அழுத்துங்கள். ஓஎம்ஆர் மாதிரி உயரமான கட்டடங்களுக்கு நடுவே ஓடுபவராக இருந்தால் டூயல் பேண்ட் (இரண்டு அலைவரிசைகளில் சிக்னல் பிடிக்கும்) ஜிபிஎஸ்ஸுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. கடற்கரைச் சாலைக்கு அது தேவையில்லை.

நடைப்பயிற்சி மட்டும் செய்பவர்களுக்கு இந்தப் புலம்பல் எதுவும் பொருந்தாது. பார்க்கில் தினம் அரை மணி நேரம் நடக்கிறீர்கள் என்றால் ஜிபிஎஸ்ஸே வேண்டாம். நல்ல பேண்ட் ஒன்று போதும், மிச்சக் காசுக்கு ஷூ வாங்குங்கள்.

கலோரியைப் பார்த்து டிபனை முடிவு செய்வது

‘600 கலோரி எரித்திருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது வடையை எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். 2017இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ஏழு கருவிகளை ஒப்பிட்டார்கள். இதயத் துடிப்பில் ஆறு கருவிகள் 5 சதவீதப் பிழைக்குள் வந்தன. கலோரியில் எதுவுமே தேறவில்லை. இருப்பதிலேயே நல்லதுக்கு சராசரிப் பிழை 27 சதவீதம், மோசமானதுக்கு 93. அதன் பிறகு கருவிகள் முன்னேறியிருக்கின்றன. ஆனாலும் அடிப்படைச் சிக்கல் மாறவில்லை: துடிப்பையும் அசைவையும் அளந்து, வயதையும் எடையையும் சேர்த்துப் போடும் மதிப்பீடுதான் அது. வாட்சுக்கு அதிகப் பணம் கொடுத்தால் கலோரி துல்லியமாகிவிடும் என்பதும் இல்லை. நேற்றைவிட இன்று கூடவா குறைவா என்று பார்க்க வைத்துக்கொள்ளலாம். வடை அதில் சேராது.

10,000 ஸ்டெப்ஸ் வராவிட்டால் வருத்தப்படுவது

1965இல் ஜப்பானில் விற்ற ஒரு நடை எண்ணும் கருவிக்கு ‘பத்தாயிரம் அடி மீட்டர்’ என்று பொருள்படும் ‘மான்போ-கெய்’ என்ற பெயர் வைத்தார்கள். எண் அங்கிருந்து பரவியது, மருத்துவரிடமிருந்து அல்ல. வயதான பெண்களைப் பற்றி 2019இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில் சுமார் 7,500க்கு மேல் கூடுதல் பலன் பெரிதாகத் தெரியவில்லை. இலக்கை ஆப்பில் மாற்றிக்கொள்ளலாம். மாற்றுங்கள்.

வளையல் மாதிரி தொளதொளவென்று கட்டுவது

பின்பக்கம் மினுக்கும் பச்சை விளக்கு தோலுக்குள் போய், ரத்த ஓட்டத்துக்கு ஏற்ப எவ்வளவு திரும்பி வருகிறது என்பதை வைத்துத்தான் துடிப்பை எண்ணுகிறது. பட்டை ஆடினால் வெளிச்சம் கசியும். அது மட்டுமில்லை, கருவி உங்கள் துடிப்பை விட்டுவிட்டு கால் போடும் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். நிமிடத்துக்கு 170 எட்டு வைத்தால் துடிப்பும் 170 என்று காட்டும். மெதுவான ஓட்டத்திலேயே 170 காட்டுகிறதென்று பயந்துபோய் ஒருவர் கார்டியாலஜிஸ்டிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிட்டார். மணிக்கட்டு எலும்பிலிருந்து ஒரு விரல் மேலே தள்ளி, ஒரு துளை இறுக்கச் சொன்னோம். மறுநாள் 138. (டாக்டரையும் பார்த்துவிட்டுத்தான் வந்தார், அது நல்லதுதான்.) எடை கூடிய ஸ்மார்ட்வாட்சுக்கு இது இன்னும் முக்கியம். லேசான பேண்ட் அவ்வளவாக ஆடாது. ஓடி முடித்ததும் தளர்த்திவிடுங்கள், இல்லையென்றால் சென்னை வியர்வைக்குத் தோல் சிவந்துவிடும்.

கையிலேயே சுகர் பார்ப்பது

ஊசி குத்தாமல் சுகர் அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி தரவில்லை என்று மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் ஒழுங்குபடுத்தும் அமெரிக்காவின் எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அப்படி ஒரு வசதி இருப்பதாகப் போட்டிருந்தால் அந்த வாட்சையே வாங்காதீர்கள்.

ஈசிஜி இருப்பதால் மாரடைப்பைப் பிடித்துவிடும் என்று நினைப்பது

பிடிக்காது. ஆப்பிளே அப்படித்தான் சொல்கிறது. அது பார்ப்பது துடிப்பின் ஒழுங்கை. நெஞ்சு வலித்தால் வாட்சைப் பார்த்துக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

போன் எது என்று பார்க்காமல் வாங்குவது

ஆப்பிள் வாட்ச் ஆண்ட்ராய்டில் வேலை செய்யாது. சாம்சங்கின் கேலக்ஸி வாட்ச் 4 முதல் வந்தவை ஐபோனில் வேலை செய்யாது.

தூக்கத்தை அளக்க வாங்கி, ராத்திரி சார்ஜில் போடுவது

குளிக்கப் போகும்போது போடுங்கள். அதற்கும் பொறுமையில்லை என்றால் உங்களுக்கு ஏற்றது பேண்ட்.

அப்பா அம்மாவுக்குக் காலிங் வாட்ச் வாங்கித் தருவது

தீபாவளிக்கு இது நிறைய நடக்கிறது. ‘அப்பா வாக்கிங் போகும்போது போனை எடுத்துப் போக மாட்டேங்கிறார், அதான் இதை வாங்கிக் கொடுத்தேன்’ என்பார்கள். தெருமுனை தாண்டியதும் ப்ளூடூத் அறுந்துவிடும். அப்புறம் அதில் மணிதான் பார்க்கலாம். அவசரத்துக்குக் கூப்பிடும் பொத்தானும் போன் பக்கத்தில் இல்லாமல் எதையும் செய்யாது.

போன் இல்லாமலே பேச வேண்டும் என்றால் ‘எல்டிஇ’ அல்லது ‘செல்லுலார்’ என்று போட்ட மாடல் வேண்டும். அதில் இசிம் (அட்டை இல்லாமல் கருவிக்குள்ளேயே இருக்கும் சிம்) போட வேண்டும். ஜியோ, ஏர்டெல் இரண்டும் ஆப்பிள் வாட்சுக்கு இதைத் தருகின்றன, போனில் இருக்கும் சிம்மும் அதே நிறுவனத்துடையதாக இருக்க வேண்டும். கீழே விழுந்தால் தானாகக் கண்டுபிடித்து அழைக்கும் வசதியும் இம்மாதிரி வாட்சுகளில்தான் உருப்படியாகப் பயன்படும். செலவு அதிகம், தினமும் சார்ஜ் போட வேண்டும். அப்பா அதைத் தினமும் செய்வாரா என்று முதலில் அம்மாவிடம் கேளுங்கள். செய்ய மாட்டார் என்றால், சட்டைப்பையில் அடங்கும் சின்ன பட்டன் போன் ஒன்று வாங்கிக் கொடுத்துவிடலாம்.