ஃபிக்ஸட் பிட் ப்ராஜெக்டில் ஸ்பிரிண்ட் ஓட்டுவது எப்படி

ஃபிக்ஸட் பிட் என்றால் விலையும் தேதியும் ஒப்பந்தத்திலேயே முடிவாகிவிட்டன, கிளையன்ட்டோ "அஜைல்ல பண்ணுங்க" என்கிறார். இந்த மாதிரி ப்ராஜெக்டில் வாட்டர்ஃபால் (எல்லாவற்றையும் முதலிலேயே எழுதி, ஒரு கட்டம் முடிந்த பிறகு அடுத்தது என்று போவது), ஸ்கிரம் (ஸ்பிரிண்ட் எனும் சில வாரத் துண்டுகளாகச் செய்து காட்டித் திருத்திக்கொண்டே போகும் அஜைல் முறை) இரண்டையும் கலந்துதான் ஆக வேண்டும், எங்கே எதைக் கலப்பது என்பதில்தான் விஷயம்.

முதலில் எதை இப்போதே முடிவு செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்று பிரியுங்கள். பின்னால் மாற்றினால் எவ்வளவு செலவாகும் என்ற ஒரு கேள்வி போதும். டேட்டாபேஸின் அடிப்படை அமைப்பு, பேமென்ட் கேட்வே மாதிரி வெளி சிஸ்டங்களோடு பேசும் ஏபிஐ, பழைய டேட்டாவைக் கொண்டுவருவது, பாதுகாப்பு, இவற்றையெல்லாம் முன்கூட்டியே எழுதி சைன்-ஆஃப் வாங்கிவிடுங்கள். ஸ்கிரீன், ரிப்போர்ட், அப்ரூவல் யார் யாருக்குப் போக வேண்டும் என்பதெல்லாம் பேக்லாகில் (இனி செய்ய வேண்டியவற்றின் பட்டியலில்) இருக்கட்டும். எஸ்ஆர்எஸ்ஸில் (தேவைகளை எழுதி வைக்கும் ஆவணத்தில்) அவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி போதும், எவ்வளவு விரிவாக எழுதினாலும் டெமோ பார்த்த பிறகு மாற்றத்தான் சொல்வார்கள். (வாட்டர்ஃபாலுக்கு மூலம் என்று எல்லோரும் காட்டும் 1970 கட்டுரையில் வின்ஸ்டன் ராய்ஸே அந்த ஒருவழிப் போக்கு ஆபத்தானது என்றுதான் எழுதினார், புதிதாகச் செய்யும் சிஸ்டத்தை இரண்டு தடவை செய்யவும் சொன்னார். அதை யாரும் படிப்பதில்லை.)

அப்புறம் மாற்றங்கள். ஒவ்வொன்றுக்கும் சேஞ்ச் ரிக்வெஸ்ட் (தனியாகப் பணமும் ஒப்புதலும் கேட்கும் கோரிக்கை) போட்டால் சண்டைதான் மிஞ்சும், எல்லாவற்றுக்கும் தலையாட்டினால் நஷ்டம். புதிதாக ஒன்று உள்ளே வந்தால், அதே அளவு எஸ்டிமேட் உள்ள, இன்னும் தொடாத ஒன்று வெளியே போக வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். முதலில் உறுதி செய்த பகுதியில் கை வைத்தால் மட்டும் சேஞ்ச் ரிக்வெஸ்ட்.

பெரும்பாலும் சறுக்குவது டெஸ்டிங்கில். ஆறு ஸ்பிரிண்ட் கோடிங், கடைசியில் ஒரு மாதம் டெஸ்டிங் என்று பிளான் போட்டால் அது ஸ்டாண்ட்-அப் மீட்டிங் வைத்த வாட்டர்ஃபால், அவ்வளவுதான். டெஸ்ட் முடிந்து, கிளையன்ட் ஓட்டிப் பார்க்கும் யுஏடி சர்வரில் ஏறாத ஸ்டோரியை (பேக்லாகில் உள்ள ஒரு வேலையை) முடிந்ததாகக் கணக்கு வைக்காதீர்கள். ஒவ்வொரு ஸ்பிரிண்ட் முடிவிலும், அதைத் தினமும் பயன்படுத்தப்போகிற ஆள் உட்கார்ந்து ஓட்டிப் பார்க்கட்டும், மேனேஜர் தலையாட்டினால் போதாது. கடைசிக் கட்டத்துக்கு லோட் டெஸ்ட், பாதுகாப்புச் சோதனை, முழு ரெக்ரஷன் (புதியது எதுவும் பழையதை உடைக்கவில்லை என்று மறுபடி எல்லாவற்றையும் சோதிப்பது), இறுதிக் கையெழுத்து ஆகியவற்றை மட்டும் வையுங்கள்.

பணம் வரும் மைல்ஸ்டோன்களையும் டாக்குமெண்டோடு கட்டாமல் ஓடுகிற வசதிகளோடு கட்டுங்கள். "பில்லிங் யுஏடியில் பாஸ் ஆனால் இவ்வளவு" என்று இருந்தாலும், டெமோவுக்கு ஆள் அனுப்பச் சொல்லி நீங்கள் கெஞ்ச வேண்டியிருக்கலாம், அதனால் அந்த ஆளின் நேரத்தில் வாரத்துக்கு எத்தனை மணி கிளையன்ட் ஒதுக்குவார் என்பதையும் சேர்த்தே எழுதி வாங்குங்கள்.