போட்டியில் ஓடிய பாஸ் படகைப் பார்த்து வாங்குவது எப்படி: புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

அமெரிக்காவில் பாஸ் என்ற நன்னீர் மீனைத் தூண்டிலில் பிடிக்கும் போட்டிகளின் பருவம் முடியும் இலையுதிர் காலத்தில், போட்டியாளர்கள் தங்கள் படகுகளை விற்கத் தொடங்குவார்கள். 20 அல்லது 21 அடி நீளமும் 250 குதிரைத்திறன் எஞ்சினும் கொண்ட இந்தப் படகுகளில் பல, ஓரிரு ஆண்டுகளே ஓடியவை. உரிமையாளர் அவற்றை இவ்வளவு விரைவில் கைமாற்றுவதால் படகில் கோளாறு என்று பொருளில்லை. படகு, எஞ்சின் நிறுவனங்கள் தம் தயாரிப்புடன் வெல்வோருக்குத் தரும் ஊக்கத்தொகைகள் பெரும்பாலும் அண்மைக்கால மாடல்களுக்கே உரியவை. உத்தரவாதக் காலம் மிச்சமிருக்கும்போது விற்றால் நல்ல விலையும் கிடைக்கும்.

இத்தகைய படகைப் பார்க்கப் போகுமுன் அதை ஓட்டியவரின் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். பிடித்த மீன்களின் எடையே வெற்றியைத் தீர்மானிக்கும். போட்டி நடத்தும் பாஸ் (B.A.S.S.) என்ற அமைப்பின் போட்டிகளில், எடைபார்க்கும் இடத்துக்குத் தாமதமாக வருபவர் மீன் எடையில் நிமிடத்துக்கு ஒரு பவுண்டு வீதம் இழப்பார். உயிரற்ற மீனைக் கொண்டுவந்தாலும் எடை கழிக்கப்படும். ஆகவே எஞ்சின், பேட்டரிகள், மீனை உயிரோடு வைத்திருக்கும் தொட்டியின் பம்புகள் ஆகியவற்றைப் போட்டியாளர் பழுதில்லாமல் வைத்திருப்பார். அவருடைய மீன் எடையைக் குறைக்காத குறைகளோ, அதாவது படகின் அடிப்பகுதிக் கீறல், ஜெல்கோட் (கண்ணாடியிழை உடலின் மேற்பூச்சு) வெடிப்பு, மேல்தளத்தில் போட்ட துளைகள் போன்றவை, அடுத்த உரிமையாளரின் செலவில் சேர்ந்துவிடும். விற்பனை விளம்பரங்கள் சோனாரில் (ஒலியலையால் நீருக்கடியில் இருப்பதைத் திரையில் காட்டும் கருவி) தொடங்கி, எஞ்சினைத் தொட்டு, படகின் உடலை ஒரு வரியில் முடிக்கும். நீங்கள் அந்த வரிசையைத் தலைகீழாக்கிப் பார்க்க வேண்டும்.

முதல் படி: நேரில் போகுமுன் கேட்க வேண்டியவை

படகு எந்தெந்த நீர்நிலைகளில் ஓடியது என்று முதலில் கேளுங்கள். ஈரி, செயின்ட் கிளேர், ஒன்டாரியோ ஆகிய பேரேரிப் பகுதிகளில் காற்றுநாளில் அலை உயரமாக எழும். எடைபார்க்கும் நேரத்துக்குள் திரும்ப வேண்டியவர் அந்த அலைகளின் மீதே படகை மோதவிட்டு ஓட்டுவார், அந்த அடியை உடல்தான் வாங்கும். டெக்சஸின் சாம் ரேபர்ன், அதை அடுத்துள்ள டொலீடோ பெண்டு போன்ற நீர்த்தேக்கங்களில் நீருக்கடியில் மரக்கட்டைகள் நிற்பதால் எஞ்சினின் கீழ்ப்பகுதி அடிபடும். பொட்டோமாக் போன்ற அலையேற்ற ஆறுகளில் ஓடியிருந்தால் உப்பின் அரிப்பையும் பார்க்க வேண்டும். பராமரிப்பு ரசீதுகளையும் கேளுங்கள். ரசீது இல்லாத "நன்றாகப் பராமரிக்கப்பட்டது" என்ற சொல்லுக்கு விலை மதிப்பு இல்லை.

படகின் அடையாள எண்ணின் படத்தையும் அப்போதே அனுப்பச் சொல்லுங்கள். பின்பலகையின் (எஞ்சின் பொருத்தப்படும் படகின் பின்சுவர்) வலப்புற மேல்பகுதியில் எழுத்தும் இலக்கமுமாக 12 குறிகளாகப் பதித்திருக்கும் அந்த எண்ணின் கடைசி நான்கும் காலத்தைச் சொல்லும். ஜி425 என்று முடிந்தால், படகு 2024 ஜூலையில் கட்டப்பட்ட 2025 மாடல். விளம்பரத்தில் உள்ள ஆண்டு இதனோடு ஒத்துப்போகாவிட்டால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

இரண்டாம் படி: படகின் உடல்

இதற்கு அதிக நேரம் ஒதுக்குங்கள், ஏனெனில் எஞ்சினை மாற்றலாம், உடலை மாற்ற முடியாது. படகு டிரெய்லரில் இருக்கும்போது தரையில் படுத்து, விளக்கைச் சாய்வாகப் பிடித்து அடிப்பகுதியைப் பாருங்கள். கரையில் ஏற்றி நிறுத்தும் பழக்கம் உள்ளவரின் படகில் முன்முனைக்குக் கீழே ஜெல்கோட் தேய்ந்து, உள்ளிருக்கும் கண்ணாடியிழை தெரியும். டிரெய்லரின் தாங்குபலகைகள் தொடும் இடங்களிலும் பின்மூலைகளிலும் சிலந்திவலைபோன்ற வெடிப்புகளைத் தேடுங்கள். ஒரு புள்ளியிலிருந்து விரியும் மெல்லிய வெடிப்பு பெரும்பாலும் மேற்பரப்போடு நிற்கும். ஒரே கோட்டில் நீண்டு செல்லும் வெடிப்போ உள்ளே இருக்கும் தாங்குசட்டம் அசைவதைக் காட்டக்கூடும் என்பதால், அத்தகைய படகைக் கண்ணாடியிழைப் பழுதுபார்ப்பவரிடம் காட்டாமல் வாங்க வேண்டாம்.

அடுத்தது பின்பலகை. எஞ்சினைப் பாதியளவு மேலே தூக்கி நிறுத்தி, அதன் கீழ்நுனியைக் கையால் அழுத்தி விடுங்கள். இன்னொருவர் எஞ்சின் பொருந்தும் இடத்தைக் கவனிக்கட்டும். பலகை வளைந்து மீண்டாலோ, போல்ட்டுகளைச் சுற்றி வெடிப்பு இருந்தாலோ, விலை எவ்வளவு குறைந்தாலும் விலகிவிடுவதே நல்லது.

போட்டிப் படகுகளுக்கே உரிய ஒரு சிக்கல், உடலின் மேல் ஒட்டிய விளம்பர வினைல் தாள், அதாவது ஒட்டு. அது வெயிலிலிருந்து ஜெல்கோட்டைக் காக்கும், அதே சமயம் வெடிப்பையும் பழைய பழுதுபார்ப்பையும் மறைக்கும். ஒட்டு பிரித்த படகில், மூடியிருந்த பகுதி பளபளப்பாகவும் மற்ற பகுதி மங்கியும் இருக்கலாம். ஒட்டும்போது கத்தியால் வெட்டிய கோடுகளும் மிஞ்சியிருக்கலாம். எனவே விற்பவர் தம் செலவில் ஒட்டைப் பிரித்த பிறகே இறுதி விலையைப் பேசுங்கள். பலர் இதற்கு முகம் சுளிப்பார்கள். அந்தச் சுளிப்பும் ஒரு தகவல்தான்.

மூன்றாம் படி: எஞ்சின்

ஓடிய மணிநேரத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். யமஹா, மெர்க்குரி நிறுவனங்களின் முகவர்கள் எஞ்சினைக் கணினியோடு இணைத்து, எந்தச் சுழல்வேகத்தில் எத்தனை மணிநேரம் ஓடியது என்பதையும் பதிவான கோளாறுகளையும் எடுத்துத் தருவார்கள். போட்டியாளரின் பதிவில் இரண்டு முனைகளில் நேரம் குவிந்திருக்கும்: மிக மெதுவாக நகர்ந்த நேரமும், முழு வேகத்தில் இடம் மாறிய நேரமும். இது இயல்பே. அனுமதிக்கப்பட்ட உச்சவரம்பைத் தாண்டிய நேரமும், அதிவெப்ப எச்சரிக்கைகளும் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

கீழ்ப்பகுதியின் பற்சக்கர எண்ணெயைச் சிறிது வடிக்கச் சொல்லுங்கள். பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்திருக்கிறது. மூடியின் காந்தத்தில் உலோகத் துண்டுகள் ஒட்டியிருந்தால் பற்கள் உடைந்து வருகின்றன. ப்ரொப்பெல்லரைக் கழற்றி அச்சைக் கையால் சுழற்றினால், கட்டையில் மோதி வளைந்த அச்சு தன் ஆட்டத்தைக் காட்டிவிடும். நூறு மணிநேரத்துக்கொரு முறை செய்ய வேண்டிய பராமரிப்பின் ரசீதுகளை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். எவின்ரூட் எஞ்சின் என்றால் ஒன்றை நினைவில் வையுங்கள்: அவற்றின் தயாரிப்பு 2020இல் நிறுத்தப்பட்டது, அதனால் நல்ல நிலையில் இருந்தாலும் நீங்கள் மீண்டும் விற்கும்போது வாங்குவோர் தயங்குவார்கள்.

நான்காம் படி: டிரெய்லரும் மின்கருவிகளும்

டயரின் பக்கவாட்டில் டிஓடி (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். போட்டியாளர் ஒரு பருவத்தில் மாநிலம் விட்டு மாநிலம் இழுத்துச் சென்றிருப்பார் என்பதால் தாங்குருளைகளையும் பிரேக்கையும் சோதித்துக்கொள்ளுங்கள்.

மின்கருவிகளைப் பொறுத்தவரை, விற்பவர் அவற்றுக்குச் சொல்லும் விலையில் பாதியையே மதிப்பாகக் கொடுங்கள் என்பது என் கருத்து. 2018இல் கார்மின் நிறுவனத்தின் லைவ்ஸ்கோப் சோனார் வந்த பிறகு முன்னோக்கிப் பார்க்கும் சோனார் இல்லாத படகு பழையதாகத் தோன்றத் தொடங்கியது; இன்று விலையுயர்ந்த திரைக்கும் நாளை அதே கதிதான். மேலும் பலர் கருவிகளைக் கழற்றிக்கொண்டே விற்பார்கள் என்பதால், படத்தில் இருப்பவற்றுள் எவை படகோடு வரும் என்று எழுத்தில் கேளுங்கள். கழற்றிய இடத்தின் துளைகள் அடைக்கப்பட்டுள்ளனவா என்றும், பேட்டரிப் பெட்டியில் இணைப்பில்லாமல் தொங்கும் கம்பிகள் எத்தனை என்றும் பாருங்கள்.

ஐந்தாம் படி: நீரில் ஓட்டிப் பார்த்தல்

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது நீங்கள் போய்ச் சேருங்கள். முன்பே சூடாக்கி வைத்திருந்தால் குளிர்நிலையில் அது எப்படிக் கிளம்பும் என்பது தெரியாமல் போகும். வழக்கமான எடையோடு முழு வேகத்தில் ஓடும்போது, கையேட்டில் உள்ள சுழல்வேக வரம்புக்குள் எஞ்சின் வர வேண்டும். மீன் தொட்டியின் நீர்ப்பம்புகள் எல்லாவற்றையும் ஓடவிடுங்கள். எஞ்சின் நிறுத்தும் கயிற்றை மெதுவேகத்தில் இழுத்து, எஞ்சின் நிற்கிறதா என்று பாருங்கள். கரைக்கு வந்ததும் அடித்தளத்தில் தேங்கிய நீரின் அளவைப் பார்க்க மறக்க வேண்டாம்.

ஆறாம் படி: விலையும் ஆவணங்களும்

கண்ட ஒவ்வொரு குறைக்கும் பழுதுபார்ப்புச் செலவை விசாரித்து, அந்தத் தொகையைக் கழித்து உங்கள் விலையைச் சொல்லுங்கள். மிச்சமுள்ள உத்தரவாதம் உங்கள் பெயருக்கு மாறுமா, எத்தனை நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதை விற்பவரிடம் கேட்காமல் நிறுவனத்திடமே கேளுங்கள். இப்படகுகளில் பல கடனில் வாங்கியவை என்பதால், கடன் தீர்ந்ததற்கான வங்கிக் கடிதம் இல்லாமல் முழுப்பணம் தர வேண்டாம். கடன் நிலுவையில் இருந்தால் பரிமாற்றத்தை அந்த வங்கியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். டெக்சஸ் போன்ற மாநிலத்தில் படகுக்கும் வெளிப்புற எஞ்சினுக்கும் தனித்தனி உரிமைச் சான்று உண்டு. எனவே படகு, எஞ்சின், டிரெய்லர் மூன்றின் எண்களையும் அவற்றுக்குரிய தாள்களோடு ஒப்பிட்ட பிறகே கையெழுத்திடுங்கள்.