வேட்டிக் கறைக்கும் பிளாஸ்க் கறைக்கும் ஆக்சிஜன் ப்ளீச்

தஞ்சாவூர்ப் பக்கம் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து எழுந்தால், வெள்ளை வேட்டியில் சாம்பாரோ வெற்றிலைச் சாறோ ஒட்டாமல் வராது. உடனே பிளீச்சிங் பவுடரைத் தேடாதீர்கள். அது குளோரின்; நூலையும் அரிக்கும், கலர்க் கரையையும் வெளுத்துவிடும். வேண்டியது சோடியம் பெர்கார்பனேட். ஆக்சிஜன் ப்ளீச் என்ற பெயரில் ஆன்லைனில் கிடைக்கிறது.

இந்தத் தூள் தண்ணீரில் வாஷிங் சோடாவாகவும் ஹைட்ரஜன் பெராக்சைடாகவும் பிரியும். சோடாவின் காரத்தில் பெராக்சைடு வேகமெடுத்து, கறைக்கு நிறம் தரும் மூலக்கூறுகளின் இரட்டைப் பிணைப்புகளை உடைக்கும். நிறம் போய்விடும், மிச்சம் அலசலில் போகும். அதனால் டீ, காபி, வெற்றிலை போன்ற கறைகளில் நன்றாக வேலை செய்யும். கொள்ளிடப் படுகையில் வாழைத்தார் வெட்டியவர் சட்டையில் புதிதாகப் பட்ட கறையும் பெரும்பாலும் விட்டுவிடும். காய்ந்து கறுத்தது லேசாகும், அவ்வளவுதான். எண்ணெய்க்குச் சோப்புதான். போர் தண்ணீர் விட்ட துருக்கறையில் இதைப் போடவே வேண்டாம்: இரும்பு பெராக்சைடை வீணாக்கும், அந்த இடத்தில் துணியும் நைந்துபோகும். அதற்கு எலுமிச்சைச் சாறு.

1. துணியைப் பாருங்கள். பருத்தி, பாலியெஸ்டர் சரி. திருபுவனம் பட்டு, கம்பளி கூடவே கூடாது. கலர்த் துணி என்றால் உள்மடிப்பில் ஒரு சொட்டு வைத்துச் சோதியுங்கள்.

2. சாம்பார் கறையில் முதலில் சோப்புப் போட்டு எண்ணெயை எடுங்கள். மஞ்சள் சட்டென்று ரத்தச் சிவப்பாகும். காரம் பட்டால் மஞ்சள் அப்படித்தான், பயப்பட வேண்டாம். நிஜ ரத்தக்கறை என்றால் பச்சைத் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் அடுத்த படி.

3. பலருக்கும் சொதப்புவது இங்கேதான். குளிர்ந்த தண்ணீரில் தூளைக் கொட்டிவிட்டு, பவுடர் சரியில்லை என்பார்கள். 60 டிகிரி சூடு வேண்டும். தெர்மாமீட்டர் தேவையில்லை: கொதிக்கும் நீர் ஒரு பங்கு, குழாய்த் தண்ணீர் ஒரு பங்கு. பிளாஸ்டிக் வாளியில் நாலு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி தூள். கையுறை போட்டுக் கலக்குங்கள். குமிழ் வரும், அதுதான் ஆக்சிஜன்.

4. துணி முழுக்க முங்கட்டும். ஒரு மணி நேரத்தில் பாருங்கள், தேவைப்பட்டால் நாலு மணி வரை விடலாம். பிறகு வழக்கம்போலத் துவையுங்கள். மஞ்சள் இன்னும் தெரிந்தால் ஈரத்தோடு வெயிலில் காயப்போடுங்கள். மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் வெளிச்சத்தில் சிதையும். ஐப்பசி அடைமழையில் இந்த வசதி கிடையாது.

பாத்திரத்துக்கும் இதே தூள்தான். டிகிரி காபி ஊற்றி ஊற்றிப் பழுப்பேறிய ஸ்டீல் பிளாஸ்கில் ஒரு டீஸ்பூன் போட்டு, சுடுதண்ணீர் நிரப்பி அரை மணி விடுங்கள். தேய்க்காமலே படலம் உரிந்து வரும். மூடியை மட்டும் போடாதீர்கள், உள்ளே வாயு சேர்ந்து தெறிக்கும். நன்றாக இரண்டு மூன்று முறை அலசிய பிறகே காபி. அலுமினியப் பாத்திரத்தில் வேண்டாம், கறுத்துப்போகும்.

வினிகரோடும் பிளீச்சிங் பவுடரோடும் இதைக் கலக்கக் கூடாது. கரைத்த தண்ணீரை நாளைக்கு என்று பாட்டிலில் அடைக்கவும் கூடாது, சில மணியில் வீரியம் போய்விடும், பாட்டிலும் உப்பிவிடும். தூளில் ஈரக் கரண்டி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.