துபாய் மாலில் வழி தவறாமல் சுற்றுவது எப்படி?

2008-ஆம் ஆண்டு நவம்பரில் திறக்கப்பட்ட துபாய் மாலில் 1,200-க்கும் மேற்பட்ட கடைகள் உள்ளன. முதல்முறை செல்பவர்கள் கடைப் பெயர்களை அடையாளமாக வைத்துக்கொண்டு நடப்பதால்தான் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். பளபளக்கும் தரையும் கண்ணாடி முகப்பும் எங்கும் ஒன்றுபோலவே இருக்கின்றன.

படி 1: நுழைந்த வாசலைக் குறித்துக்கொள்ளுங்கள். காரில் வந்தால் சினிமா, ஃபேஷன், கிராண்ட் என்று பார்க்கிங்குகள் தனித்தனியாக இருப்பதால், பெயர், தளம், தூண் எண் ஆகிய மூன்றும் தெரியும்படி ஒரு படம் எடுத்துவிடுங்கள். மெட்ரோவில் வருவோர் ஏறத்தாழ 800 மீட்டர் நீளமுள்ள இணைப்புப் பாலத்தில் நடக்க வேண்டும். குழந்தைகளும் முதியவர்களும் உடன் வந்தால் அந்த நேரத்தையும் கணக்கில் சேருங்கள்.

படி 2: மூன்று அடையாளங்கள் போதும். ஒரு கோடி லிட்டர் நீர் கொள்ளும் மீன் தொட்டி, தலைகீழாகப் பாயும் மனிதச் சிலைகள் பதித்த செயற்கை அருவி, பனிச்சறுக்குத் திடல் ஆகியவற்றை முதலில் ஒரு சுற்று பார்த்துவிட்டால், பிறகு எந்தக் கடையையும் "மீன் தொட்டியைத் தாண்டி வலப்பக்கம்" என்பதுபோல மனத்தில் பதிக்கலாம்.

படி 3: வரைபடப் பலகையை நம்புவதற்கு முன் சோதியுங்கள். "நீங்கள் இங்கே இருக்கிறீர்கள்" என்ற புள்ளிக்கு அருகில் வரைந்துள்ள ஒரு கடையை நேரில் தேடுங்கள். அது உங்கள் வலக்கைப் பக்கம் இருக்க, வரைபடம் இடப்பக்கம் காட்டினால், பலகை நீங்கள் நிற்கும் திசைக்கேற்ப மாட்டப்படவில்லை என்று பொருள். அதைப் படமெடுத்து, கடைகள் நேர்ப்படும் வரை கைப்பேசியைச் சுழற்றிப் பார்த்தால் குழப்பம் தீரும். என் கருத்தில், இந்த ஒரு பழக்கமே எந்த மாலிலும் பாதி அலைச்சலைக் குறைத்துவிடும்.

படி 4: தளத்தைச் சரிபாருங்கள். 'ஜி' என்பது தரைத்தளம், 'எல்ஜி' அதற்குக் கீழ்த்தளம், '1' அதற்கு மேல்தளம். கூரையும் சுவர்களும் செயற்கைக்கோள் சமிக்ஞையைத் தடுப்பதால், கைப்பேசி வரைபடத்தின் நீலப் புள்ளி நீங்கள் நிற்கும் தளத்தைத் தவறாகக் காட்டக்கூடும்; தளத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள்.

படி 5: கூடுமிடத்தைத் தளத்துடன் சொல்லுங்கள். அருவி பல தளங்களுக்கு நீள்வதால், "அருவியிடம் வா" என்று மட்டும் சொன்னால் இருவரும் வெவ்வேறு தளங்களில் நின்றுகொண்டு ஒருவரையொருவர் தேடிக்கொண்டிருப்பீர்கள். "தரைத்தளம், அருவிக்கு அருகில்" என்று சொல்லுங்கள்.